வெளிச்சத்தை விழுங்கிய சில்லு

வலது தோள்பட்டைக்குக் கீழே பிடித்த பிடி காலை ஒன்பது மணியிலிருந்து விடவில்லை. கழுத்தைத் திருப்பினால் காதுவரை இழுத்தது. மூட்டை தூக்கி வந்த வலி என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடலாம், ஒரு நாள் படுத்து எழுந்தால் போய்விடும். இது நாற்காலியில் உட்கார்ந்தே வந்த வலி. அவனுடைய அப்பா முப்பது வருஷம் லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். அவருக்குக்கூட இந்த இடத்தில் இப்படி வலித்ததில்லை. ஒரு கையால் தோளை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் திரையில் ஒரே வரியை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. அந்த வரியில் ஒரு கழித்தல் குறி இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு 'பேப்பர் சார்' என்று பெயர். கீழ்த்தளத்தில் பம்போடும் குழாயோடும் மல்லுக்கட்டுகிறவர்கள் வைத்த பெயர். அவன் எதையும் கையால் செய்வதில்லை. உலகத்தில் இன்னும் இல்லாத பொருளைக் கணக்கில் செய்வான். எதன்மேல் எதை எத்தனை அடுக்கு வைத்தால் வெளிச்சம் என்ன ஆகும் என்று பேப்பரில் சொல்வான். மற்றவர்கள் செய்துபார்த்துச் சாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவன் சொன்னது இது. இரண்டு பொருள்களை மாற்றி மாற்றித் தொண்ணூற்றாறு அடுக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு குறிப்பிட்ட சிவப்பு வெளிச்சத்தை விட்டால், நெரிசலில் மாட்டிய வண்டிபோல் அது ஊர்ந்து ஊர்ந்துதான் நகரும். ஆனால் அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஒரு துளி குறைந்திருக்காது. மெதுவாக்க எத்தனையோ பேருக்குத் தெரியும். நஷ்டமே இல்லாமல் மெதுவாக்கலாம் என்று சொன்னவன் இவன்தான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவன் கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. புதுக் கட்டடம் கேட்டு டைரக்டர் அனுப்பியிருக்கும் திட்டத்தின் முதல் பக்கத்தில் அவன் வரைந்த படம்தான் இருந்தது.

பேப்பரில் இருந்ததை ஒன்பது முறை செய்தாயிற்று. விரல் நகம் அளவில் ஒன்பது சில்லுகள். ஒன்பதும் குருடு. வெளிச்சம் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

அடுக்கிய கை அவனுடைய அக்கா புருஷனுடையது. அவர் முன்னாளில் வெல்டர். இன்றும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன், இங்கே இருக்கும் எஃகுச் சேம்பரில் எங்கோ காற்றுக் கசிந்தது. காற்றை முழுக்க உறிஞ்சினால்தான் அதற்குள் அடுக்கு ஏறும். படித்தவர்கள் ஒன்பது பேர் ஒரு மாதம் தேடியும் ஓட்டை அகப்படவில்லை. "எங்க மாமா நல்ல பத்தவைப்புக்காரர்" என்று அவன்தான் சொன்னான். அவர் வந்தார். சேம்பரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், விரலால் நான்கு இடம் தடவினார், ஐந்தாவது இடத்தில் ஸ்பிரிட்டைத் தெளித்தார். ஓட்டை வழியே அது உள்ளே இழுபட்டதும் மீட்டரில் முள் துள்ளியது. அன்றைக்கே அதைப் பற்றவைத்து அடைத்தார். அப்புறம் அவரை விடவில்லை. சேம்பரே அவர் கைக்கு வந்தது.

போன வாரம் அவன் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தான். கணக்கில் குறை எதுவும் இல்லை. அடுக்குவதில், சில்லை வெட்டி எடுத்த நுண்ணோக்கிப் படத்திலும் பிடிபடாத அளவுக்குச் சீரின்மை இருக்கிறது. செய்பவரின் கவனக்குறைவே காரணமாக இருக்க வேண்டும். இந்த மூன்று வாக்கியத்தையும் அவன் அரை மணி நேரத்தில் எழுதினான். மனமறிந்து பொய் எழுதவில்லை. அன்றைக்கு அவன் அதை நம்பினான். இன்று மூன்று மணிக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்துக் கமிட்டி கூடுகிறது. வெல்டரை அனுப்பிவிட்டு வேலையை வெளியே கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள். முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் தெரியும்.

ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் இரண்டு பொருள்களின் அளவுகளையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் காலையில் பழைய கோப்புகளைத் திறந்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண் உண்டு. வெளிச்சத்தை எவ்வளவு மெதுவாக்கும் என்பது ஒன்று. எவ்வளவு விழுங்கும் என்பது மற்றது. விழுங்கும் எண்ணுக்கு முன்னால் போடும் குறியில் இரண்டு வழக்கம் இருக்கிறது. இயற்பியல்காரர்கள் அலையை ஒரு பக்கமாகச் சுழற்றி எழுதுவார்கள். அவர்களுக்கு விழுங்குவது கூட்டல். மின்பொறியாளர்கள் மறுபக்கமாகச் சுழற்றுவார்கள். அவர்களுக்கு அதே விழுங்குவது கழித்தல். அவரவர் வீட்டுக்குள் இரண்டும் சரி. ஒரு வீட்டு எண்ணை மறு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது குறியை மாற்ற வேண்டும். முதல் வருஷ மாணவனுக்கே சொல்லிக்கொடுக்கிற விஷயம். முதல் பொருளின் அளவு இயற்பியல்காரர்களிடமிருந்து வந்திருந்தது. இரண்டாவதை அளந்து கொடுத்தவர்கள் பொறியாளர்கள். கோப்பின் தலையிலேயே எங்கள் வழக்கம் இது என்று எழுதியும் இருந்தார்கள். அவன் அந்த வரியைத் தாண்டி நேரே எண்களுக்குப் போயிருந்தான்.

ஆக, அவன் கணக்கில் முதல் அடுக்கு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றது. இரண்டாவது அடுக்கு அதே அளவைத் திருப்பிக் கக்கியது. தின்றதும் கக்கியதும் நேர்செய்துகொண்டன. கூட்டிப் பார்த்தால் நஷ்டம் இல்லை. கூட்டல் அவ்வளவு சுத்தமாக வந்ததால்தான் மூன்று வருஷமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் இரண்டு அடுக்கும் தின்கின்றன. தொண்ணூற்றாறும் தின்கின்றன. வெளிச்சத்தை ஊர்ந்து போகவிட்டு, தின்ன நேரமும் கொடுத்து, கடைசியில் வெளியே வரவில்லையே என்று அடுக்கினவரைப் பிடித்திருக்கிறார்கள்.

குறியை மாற்றிக் கணக்கை ஓட்டினான். நான்கு நிமிஷம் ஆனது. ஒன்பது சில்லுகளும் அளந்ததில் எப்படிக் குருடாக இருந்தனவோ, திரையில் அப்படியே குருடாக வந்தன. புள்ளிமேல் புள்ளி. இவ்வளவு பொருந்த வேண்டுமானால் அடுக்கில் துளிக் கோணல் இருந்திருக்க முடியாது.

அவன் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினான்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் சேம்பருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ ஒரு இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வாங்க பேப்பர் சார்," என்றார் அடியிலிருந்து. "நடையே சொல்லுது, செருப்பு தேயாத ஆளுன்னு."

"மாமா, கொஞ்சம் பேசணும்."

"மாமாவா? ரிப்போர்ட்ல 'செய்பவர்'னு போட்டிருந்தீங்க. அப்படியே கூப்பிடுங்க. பழகிடுச்சு."

"பம்ப நிறுத்துங்க. காது கேக்கல."

"நிறுத்தினா மறுபடி காத்த உறிய ஆறு மணி நேரம். மூணு மணிக்கு என்னத் தூக்கற வரைக்கும் அது ஓடட்டும். நீங்க கத்திப் பேசுங்க. இன்னிக்கு நீங்க சொல்றத எல்லாரும் கேக்கட்டும்."

அவர் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தார். முழங்கையில் கிரீஸ். துடைக்காமல் நின்றார்.

"சரி, நானே பேசறேன். ஆறாவது சில்லு செஞ்சப்போ ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவன் மீட்டர் முள்ளைப் பார்த்தான்.

"லேசர் அடிச்சதும் சில்லு மாட்டின பிடி சூடாகுதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு டிகிரி."

"ரெண்டே கால். சூடு பாக்கற கம்பியக் கட்டி நானே அளந்தேன். யாரும் கேக்கல, நானா அளந்தேன். வெளிச்சம் உள்ள போகுது. வெளிய வரல. சில்லு சூடாகுது. அப்ப வெளிச்சம் எங்க போச்சு? என் அடுக்கு கோணலா இருந்தா அது நாலா பக்கமும் சிதறணும். ரூமே செவக்கணும். செவந்துச்சா? எட்டாங்கிளாஸ் படிச்சவன் கேட்ட கேள்விதான். அதுக்கு நீ என்ன சொன்ன?"

சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆறு பேர் நின்ற இடத்தில் சொன்னான். "இது வெல்டிங் பட்டறை இல்ல மாமா, சூடு பாத்து வேல செய்ய." ஆறு பேரும் சிரித்தார்கள். வேறு வழி இல்லாமல் வெல்டரும் சேர்ந்து சிரித்தார்.

"குறுக்க வெட்டிப் படமும் எடுத்தீங்க. கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்துச்சு. அப்புறமும் எழுதற, படத்துல தெரியாத தப்பாம். படத்துலயும் தெரியாத தப்பு உன் கண்ணுக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

"மாமா, ஒருவேள..."

"என்ன ஒருவேள? குடிச்சிட்டு செஞ்சேனா? அதையும் சேத்து எழுதிடு. ஏன் விட்ட?"

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சிரிப்பை அடக்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். பேப்பர் சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்கு வருகிற கோபம் எப்போதும் ஒரு பிடி அதிகமாகவே வரும்.

"எல்லார் முன்னாடியும் மரியாத இல்லாம பேசாதீங்க. உங்கள இங்க கொண்டுவந்ததே நான்தான்."

வெல்டர் கையிலிருந்த ஸ்பானரைச் சேம்பர்மேல் வைத்தார்.

"நீயா கொண்டுவந்த? ஓட்ட கொண்டுவந்துச்சுடா என்ன. ஒன்பது பேர் ஒரு மாசம் தடவிக்கிட்டு நின்னீங்களே, அந்த ஓட்ட. போ. மேல போய் உக்காரு. மூணு மணிக்கு நீ எனக்காக வாயத் தொறக்கவே வேணாம். நீ வாயத் தொறந்ததாலதான் நான் இப்படி நிக்கறேன்."

அவன் மேலே போய் உட்கார்ந்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. கணக்கை மறுபடி ஓட்டினான், அதே நான்கு நிமிஷம், அதே பொருத்தம். மூன்று தரம் ஓட்டினான். தப்பு தன்மேல் இல்லை என்று வந்துவிடாதா என்று பார்த்தான் என்றால் அதுதான் உண்மை.

கமிட்டி அறை குளிர்ந்து கிடந்தது. டைரக்டர் அம்மாளும் உறுப்பினர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். டைரக்டர் எதையும் இரண்டு தரம் கேட்காதவர். ரிப்போர்ட்டை விரலால் தட்டினார்.

"இதுல சேக்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

"கணக்கையும் இன்னொரு தரம் பாத்துடலாம்னு தோணுது," என்றான் அவன்.

"தோணுதா? ஏன் தோணுது?"

"சும்மா... உறுதிப்படுத்திக்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெளிவா பேசுவோம். அந்தக் கட்டுரையில தப்பு இருந்தா இன்னிக்கே வாபஸ் வாங்கணும். புதுக் கட்டடத் திட்டத்த நானே கையால திருப்பி வாங்கணும். பணம் தரவங்ககிட்ட போய் எங்க ஆளுக்குக் குறி மாத்தத் தெரியல, கூட்டத் தெரியலன்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும். அதுக்கு நான் தயார். தப்பு இருக்கா, இல்லையா?"

குறி என்ற சொல் அந்த அம்மாள் வாயில் தற்செயலாகத்தான் வந்தது. மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"பாத்துட்டு சொல்றேன் மேடம்."

"அப்ப இப்போதைக்கு ரிப்போர்ட் இருக்கறபடி இருக்கட்டும். அவரக் கூப்பிடுங்க."

வெல்டர் கிரீஸைக் கழுவிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. ரிப்போர்ட்டையும் வேலையை விட்டு அனுப்பும் தீர்மானத்தையும் வாசித்துக் காட்டினார்கள். கவனக்குறைவு என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் வெல்டர். "சில்லு ஏன் சூடாச்சு?"

டைரக்டருக்குப் புரியவில்லை. பேப்பர் சார் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றார்?"

வெல்டரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பதில் தெரிந்தவனிடம் கேட்கிற பார்வை. அவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அது வேற விஷயம் மேடம்," என்றான். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

வெல்டர் தலையை ஆட்டினார். பேனாவைத் தொடவில்லை. "போடாத கையெழுத்தையும் போட்டதா எழுதிக்கங்க. உங்க ஆள்தான் நல்லா எழுதுவாரே." கதவை அறையாமல், மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கொதிநீரில் துணி அலசி அலசி விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரிந்திருக்கும். கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். வா என்று சொல்லவில்லை.

"அக்கா, உள்ள வரட்டுமா?"

"எதுக்கு? உள்ளயும் ஏதாவது கவனக்குறைவு இருக்கான்னு பாக்கவா?"

"நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுக்கா. தப்பு என்னோடது. என் கணக்குலதான். மாமா செஞ்சது எல்லாம் சரி."

அக்காக்காரியின் முகம் மாறும் என்று எதிர்பார்த்தான். மாறவில்லை.

"எப்ப தெரிஞ்சுது?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றப் போனான்.

"கேக்கறேன் இல்ல. எப்ப தெரிஞ்சுது?"

"காலையில... பதினோரு மணிக்கு."

"மூணு மணிக்கு முன்னாடி."

"ம்."

"தெரிஞ்சே பக்கத்துல உக்காந்திருக்க." அவள் குரல் ஏறவில்லை. "அந்த மனுஷன் வந்து சட்டையக்கூடக் கழட்டல. சுவரப் பாத்து உக்காந்திருக்கார். அவருக்கு எழுதப் படிக்கப் பெருசா வராது. உங்கள மாதிரி நாசூக்கா பேசவும் வராது. கை ஒண்ணுதான். அந்தக் கை சரியில்லன்னு எழுதின. சரி, அப்ப உனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சும்மா இருந்த. வெக்கமா இல்லையாடா? என்கிட்ட வந்து ஏன் சொல்ற? நான் என்ன கமிட்டியா?"

உள்ளேயிருந்து வெல்டரின் குரல் வந்தது. "அவன அனுப்பு."

"மாமா, நான் சரி பண்ணிடறேன்."

"அனுப்புன்னு சொன்னேன்."

"நாளைக்கே பத்திரிகைக்கு எழுதிடறேன் மாமா. சத்தியமா."

வெல்டர் வாசலுக்கு வந்தார். அக்காவின் தோளுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. "பத்திரிகைக்கு என்ன வேணா எழுது. அது உன் சங்கதி. எனக்கு வேண்டியது வேற. அந்த அம்மாளுக்கு எழுது. ஒன்பதும் சரியாத்தான் அடுக்கியிருந்துச்சு, அது கமிட்டிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னு எழுது. ரெண்டு வரி. அத எழுதிட்டு வா. அப்ப உள்ள வா. அதுவரைக்கும் நீ எனக்கு மச்சானும் இல்ல, மயிரும் இல்ல."

அக்கா கதவைச் சாத்தினாள்.

பத்திரிகைக்கு அவன் எழுதினான். நாளைக்கே இல்லை, ஏழு வாரம் கழித்து. அதற்குள் புதுக் கட்டடம் வேறு ஊர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. கட்டுரையில் தப்பு என்று ஒப்புக்கொள்வதால் பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. நான்கு வரித் திருத்தம். இரண்டாவது பொருளின் அளவில் குறி மாறிவிட்டது, நஷ்டமில்லை என்ற முடிவு செல்லாது, பிழை ஆசிரியருடையது. ஒளிக்காமல் எழுதியிருந்தான். வந்த நாளில் எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. துணிச்சல் என்றார்கள், நேர்மை என்றார்கள். எங்கோ ஒரு வகுப்பில் அதைப் பாடமாகவே வைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார்.

டைரக்டர் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இது எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரம் மேடம்," என்றான்.

"அப்ப அந்த வெல்டர் விஷயம்?"

"கணக்கு தப்புன்னா அடுக்கு சரின்னு அர்த்தம் இல்ல மேடம். அத தனியாதான் பாக்கணும்."

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அடுத்த கோப்பைத் திறந்தார். தனியாகப் பார்க்க யாரும் உட்காரவில்லை. கவனக்குறைவு என்ற சொல் கோப்பில் இரண்டு இடத்தில் அப்படியே கிடந்தது. வெல்டர் இரண்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போய்க் கேட்டார். இரண்டு இடத்திலும் பழைய இடத்துக்குப் போன் செய்தார்கள், பிறகு ஆள் வேண்டாம் என்றார்கள். இப்போது வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கும் பட்டறையில் இருக்கிறார். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் பிடித்த கை, இரும்புக் கதவுக்குக் கீல் வைக்கிறது.

பிழையை ஒப்புக்கொள்வது பேப்பர் சாருக்குக் கஷ்டமாக இல்லை. பிழை எல்லோருக்கும் வருவதுதான். அன்றைக்குத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எழுத்தில் கொடுப்பதுதான் கஷ்டம். பல தடவை எழுத உட்கார்ந்தான். 'மதிப்பிற்குரிய' என்பதைத் தாண்டவில்லை.

ஒன்பது சில்லுகளும் சரியாகத்தான் அடுக்கப்பட்டிருந்தன, அது கமிட்டி கூடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்ற இரண்டு வரிக் கடிதத்தை அக்கா புருஷனுக்காக அவன் டைரக்டரிடம் கொடுக்க வேண்டும். இன்றுவரை கொடுக்கவில்லை.